பாட்காஸ்ட்டுக்கு எவ்வளவு வீடியோ? மலையில் நடத்துபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், கோத்தகிரிப் பக்கம் சொந்தத் தோட்டத்துத் தேயிலையைப் பொட்டலம் போட்டு விற்கும் விவசாயிகள், ஊட்டியில் தோடர் பூவேலைச் சால்வைக்கு வெளியூர் வாடிக்கையாளர் தேடும் குழுக்கள். இப்படித் தமிழில் பாட்காஸ்ட் தொடங்கும் யாருக்கும் பத்துப் பதினைந்து எபிசோட் தாண்டியதும் ஒரே கேள்வி வந்து நிற்கும்: வீடியோவும் போட வேண்டுமா?

போடத்தான் வேண்டும். புதிதாக ஒருவர் உங்களைக் கண்டுபிடிக்கும் இடம் இன்று பெரும்பாலும் யூடியூபும் இன்ஸ்டாகிராமும்தான். கூகுளே 2024-இல் தன் பாட்காஸ்ட் செயலியை மூடிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களை யூடியூப் மியூசிக் பக்கம் திருப்பிவிட்டது. ஆனால் எவ்வளவு வீடியோ என்பதில்தான் உழைப்பு வீணாகிறது. வழிகள் நான்கு இருக்கின்றன. ஒலியோடு ஒரே ஒரு படத்தை ஒட்டி யூடியூபில் ஏற்றுவது ஒன்று. எபிசோடிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் துண்டுகள் வெட்டி ரீல்ஸாகவும் ஷார்ட்ஸாகவும் போடுவது இரண்டாவது. முழுப் பேச்சையும் கேமரா வைத்து எடுப்பது மூன்றாவது. வேலை நடக்கும் காட்சிகளைப் பேச்சுக்குமேல் சேர்த்து ஆறேழு நிமிடப் படமாகச் செய்வது நான்காவது. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து இவற்றை ஒப்பிட்டால் வரும் விடையும், கரண்ட் போய்ப்போய் வரும் ஒரு மலை வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டால் வரும் விடையும் ஒன்றாக இருக்காது.

எதைத் தேர்ந்தாலும் ஒலி வடிவத்தை நிறுத்தக் கூடாது. அதைச் சொல்லிவிட்டே மற்றதைப் பேச வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு ஏறுபவர், கொழுந்து பறித்துக்கொண்டே போனைச் சட்டைப்பையில் போட்டிருப்பவர், அடுப்படியில் நிற்பவர் இவர்கள் எல்லாம் கேட்பவர்கள், பார்ப்பவர்கள் இல்லை. பழனி மலைப்பக்கம் கொடைக்கானல் பண்பலையை 100.5-இல் ஓடவிட்டபடியே வேலை பார்த்துப் பழகிய காதுகள் எத்தனையோ. யூடியூப் செயலியில் பிரீமியம் கட்டாதவர் திரையை அணைத்தால் பேச்சு நின்றுவிடும். 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு 58 எம்பி போதும். சிக்னல் ஒரு கோடு காட்டும் எஸ்டேட்டிலும் அது இறங்கிவிடும். அதே ஒரு மணி நேரத்தை யூடியூப் பரிந்துரைக்கும் அளவில், அதாவது 1080பி தரத்தில் விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால், ஏற்ற வேண்டிய ஃபைல் 3.6 ஜிபி. ஏற்று வேகம் (அப்லோட்) விநாடிக்கு 5 மெகாபிட் கிடைத்தால் ஒரு மணி 36 நிமிடம் ஆகும். 2 மெகாபிட்தான் என்றால் நான்கு மணி நேரம். வேகப் பரிசோதனையில் எல்லோரும் இறக்கு வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். இங்கே உங்கள் கழுத்தைப் பிடிப்பது ஏற்று வேகம். வாரத்தின் மூன்று நாள், காலை ஒருமுறை, இரவு ஒருமுறை அதை மட்டும் குறித்துப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரே படம்

இது மிக எளிது. 1920×1080 அளவில் ஒரு படம், அதன்மேல் ஒலி, அவ்வளவுதான். படம் அசையாததால் ஒரு மணி நேர வீடியோகூட 100 எம்பிக்குள் அடங்கும். கையால் செய்ய நேரமில்லையா? உங்கள் ஆர்எஸ்எஸ் ஃபீட்டை, அதாவது எபிசோடுகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் முகவரியை, யூடியூப் ஸ்டூடியோவில் இணைத்துவிட்டால் அதுவே அட்டைப்படத்தை வைத்து வீடியோவாக்கிக்கொள்ளும். பிறகு ஒலியில் பிழை கண்டு ஃபீட்டில் மாற்றினீர்களானால், யூடியூபில் பழையதே நிற்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அங்கே போய்த் தனியாக மாற்றியாக வேண்டும்.

இதனால் கிடைப்பது தேடலில் ஓர் இடம். "கோத்தகிரி ஹோம்ஸ்டே", "ஊட்டி தேயிலை" என்று தேடுபவருக்கு உங்கள் பேச்சு கண்ணில் படும். தலைப்பைத் தமிழில் வைத்து, விளக்கத்தில் ஊர்ப்பெயரை ஒருமுறை ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள். 0:00-இல் தொடங்கி மூன்றுக்குக் குறையாமல் நேரக்குறிப்பு போட்டால் வீடியோ அத்தியாயங்களாகப் பிரிந்து தெரியும். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்றவும், சொந்தத் தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்) வைக்கவும் போன் எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும். தம்ப்நெயிலின் வலது கீழ் மூலையில் நீளம் காட்டும் கட்டம் வந்து உட்காரும் என்பதால் அங்கே எழுத்து வைக்காதீர்கள்.

ஆனால் அசையாத படத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. முதல் அரை நிமிடத்திலேயே ஆட்கள் கழன்றுகொள்ள, யூடியூபும் அதைப் புதியவர்களுக்குக் காட்டாமல் விட்டுவிடும். இருக்கும் எபிசோடுகளுக்கு ஒரு முகவரி வேண்டும் என்பவர்களுக்கு இது போதும். விளம்பரத்துக்கு இது உதவாது.

சிறு துண்டுகள்

மலையில் நடத்தும் பெரும்பாலான பாட்காஸ்ட்டுகளுக்கு இதுவே ஏற்றது. 40 முதல் 60 விநாடித் துண்டு ஒன்று 1080×1920 அளவில் 60 எம்பியைத் தாண்டாது. மோசமான லைனிலும் சில நிமிடங்களில் ஏறிவிடும். ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை அனுமதிக்கிறது, இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் 2025 தொடக்கத்தில் அதே அளவுக்கு நீண்டது. அனுமதி இருக்கிறதே என்று நீட்ட வேண்டியதில்லை. ஒரு நிமிடத்துக்குள் வைத்தால் அதே துண்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடலாம். உள்ளூரில் ஆளைக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த ஸ்டேட்டஸ்தான்.

ஒலி அலை ஆடும் படத்துக்கு மேல் எழுத்து ஓடவிடும் ஆடியோகிராம், நிஜமாகவே படம் பிடித்த துண்டு என்று இதில் இரண்டு வகை உண்டு. ஆடியோகிராம் செய்வது சுலபம். ஆனால் முகமோ கையோ தெரியாத துண்டைக் கட்டைவிரல் நிற்காமல் தள்ளிக்கொண்டு போய்விடும். பேச்சாளர் முகம் காட்ட விரும்பாதபோது மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பிடிக்க இரண்டு முறைகள். பேசும்போதே ஒரு போனைக் கிடைமட்டமாக 4கே தரத்தில் ஓடவிடலாம். 3840×2160 சட்டத்திலிருந்து 1215×2160 அளவுக்கு நின்றவாக்கில் வெட்டினால் தரம் குறையாத 9:16 துண்டு கிடைக்கும். இன்னொன்று, ஒலிப்பதிவு முழுவதையும் கேமரா இல்லாமல் முடித்துவிட்டு, கடைசியில் 15 நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்விகளை மட்டும் கேமரா முன் மறுபடி கேட்பது. பழக்கமில்லாத விருந்தினருக்கு இரண்டாவதே நல்லது. ஒரு மணி நேரம் பேசிக் கூச்சம் விட்டுப்போயிருக்கும். ஒரு சிக்கல் உண்டு. அழுதுகொண்டே சொன்ன கதையை மறுபடி சொல்லச் சொன்னால் கதையின் உயிர் போய்விடும். ஆகவே கதை கேட்கும் கேள்விகளை விட்டுவிட்டு, "இதை எப்படிச் செய்றீங்க, காட்டுங்க" என்கிற கேள்விகளையே மறுபடி கேளுங்கள். கை வேலை செய்யும்போது பேச்சு தானாக இயல்பாகிவிடும்.

ஒரு துண்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். பேசுபவர் ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் அக்கா என்று கொள்வோம். எபிசோடின் 22-ஆவது நிமிடத்தில் அவர் சொல்கிறார்: "ஆள் கிடைக்காம ஒரு ரவுண்டு தள்ளிப்போச்சுன்னா கொழுந்து முத்திரும். ஒடிச்சா நார் தெரியும், பாருங்க." துண்டு இங்கேதான் தொடங்க வேண்டும். முதல் 3 விநாடி விரல்கள் மட்டும்: முற்றிய தண்டை ஒடிக்கிறார், முறியாமல் நாரோடு தொங்குகிறது. அடுத்த 15 விநாடி அவர் முகம். முற்றிய இலைக்கு ஃபேக்டரியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறார். பிறகு இளங்கொழுந்து, இரண்டு இலையும் மொட்டுமாக ஒடிக்கும்போது 'டக்'கென்று விடுபடுகிறது. அந்தச் சத்தம் காதில் விழ வேண்டும், அந்த இடத்தில் இசை போடாதீர்கள். கடைசி 7 விநாடியில் கேட்பவரின் குரல்: "அப்ப கடையில தூள் வாங்குறவங்க நல்லதுன்னு எதைப் பார்த்துக்கா தெரிஞ்சுக்கிறது?" அக்கா சிரிக்கிறார், பாட்காஸ்ட்டின் பெயர் திரையில் வருகிறது. பார்த்தவருக்கு ஒரு விஷயம் முழுசாகக் கிடைத்தது, இன்னொன்று எபிசோடில் காத்திருக்கிறது. "வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நம்மகூட..." என்று தொடங்கும் துண்டு அந்த வரி முடியும் முன்பே தள்ளப்பட்டுவிடும்.

திரையில் எழுத்து போடுவதில் தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று. சில எடிட்டிங் செயலிகளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியே நிற்கும். செயலியைத் தேர்ந்தெடுக்குமுன் "கொடைக்கானல்", "கோத்தகிரி" என்ற இரண்டு பெயரையும் அடித்துப் பாருங்கள். கொவும் கோவும் டையும் உடையாமல் வந்தால் அந்தச் செயலி போதும். உடைந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் போன்ற யூனிகோட் எழுத்துருவை ஏற்றிப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் வரிகளை வேறொரு செயலியில் பின்னணியில்லாத படமாகச் செய்து ஒட்டிவிட வேண்டியதுதான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரிக்கு மூன்று சொல், திரையில் இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். மேலே 250 பிக்சலும் கீழே 400 பிக்சலும் செயலியின் பட்டன்களும் பெயரும் மறைக்கும் பகுதி. எழுத்தை நடுவிலேயே வையுங்கள். தானாக எழுதித் தரும் வசதியைப் பயன்படுத்தினால் ஊர்ப்பெயர்களையும் நீலகிரியின் படுக மொழிச் சொற்களையும் கட்டாயம் கையால் திருத்த வேண்டும். விருந்தினர் படுக மொழியிலேயே பேசுகிறார் என்றால் குரலை அப்படியே விட்டுத் தமிழ் வரிகள் போடுங்கள். அதற்குமேல் மொழிமாற்றக் குரல் போட்டால் அவரது பேச்சின் அழகு போய்விடும்.

துண்டு நன்றாக ஓடியும் எபிசோடுக்கு ஆள் வராமல் போவதுதான் இந்த வழியின் பெரிய குறை. காரணம் பெரும்பாலும் இணைப்பு. ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கருத்திலும் போடும் இணைப்பை 2023 ஆகஸ்ட் முடிவிலிருந்து அழுத்த முடியாது. ஆனால் யூடியூப் ஸ்டூடியோவில் 'தொடர்புடைய வீடியோ' என்ற இடத்தில் முழு எபிசோடைச் சேர்த்தால் அது ஷார்ட்ஸின்மேல் அழுத்தும் வடிவில் வரும். முழு எபிசோடு யூடியூபில் ஒரே-பட வீடியோவாகவாவது இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்கு உங்கள் பக்கத்தின் அறிமுகப் பகுதியில் (பயோ) வைக்கும் இணைப்புதான் வழக்கமான வழி. எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, துண்டுக்குள் பாட்காஸ்ட்டின் பெயரை வாயால் சொல்வது.

முழுப் பேச்சும் வீடியோவாக

பலரும் ஆசைப்படுவது இது. இரண்டு நாற்காலி, பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒலியில் "ம்ம்", இருமல், சுற்றிச்சுற்றி வந்த வாக்கியம் எல்லாவற்றையும் யாருக்கும் தெரியாமல் வெட்டி எறியலாம். வீடியோவில் ஒவ்வொரு வெட்டுக்கும் தலை ஒரு குதி குதிக்கும். அதை மறைக்க இரண்டாவது கோணமோ வேறொரு காட்சியோ வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சின் ஒலியை மூன்று மணி நேரத்தில் சரிசெய்யும் கை பழகியவருக்கே, இரண்டு கேமரா சேர்ந்தால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. போன்கள் சாதாரணமாக விநாடிக்கு 15 முதல் 20 மெகாபிட்டில் 1080பி எடுக்கும். ஒரு மணி நேரத்துக்குப் போன் ஒன்றுக்கு 7 முதல் 9 ஜிபி. இரண்டு போனுக்கும் சேர்த்து எட்டு எபிசோடில் 110 ஜிபி தாண்டிவிடும், அதற்கு ஒரு நகலும் வேண்டும்.

மலை வீட்டில் கெடுவது இவை. முதலில் வெளிச்சம். மேகம் கடக்கும்போதெல்லாம் முகம் இருண்டு வெளுக்கும், போன் அதைச் சரிசெய்யப் போய் படமே மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். திரையில் முகத்தின்மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். வண்ணச் சமனையும் பூட்டுங்கள். ஜன்னலைப் பின்னால் வைத்தால் முகம் கறுக்கும், ஆகவே விருந்தினர் ஜன்னலைச் சாய்வாகப் பார்த்து உட்காரட்டும். ஜன்னலின் நீல வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பைக் கலக்காதீர்கள். முகத்தின் ஒரு பாதி காமாலை வந்ததுபோல் ஆகிவிடும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன்கள் வழக்கமாக விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும். டியூப்லைட், மலிவான எல்இடி வெளிச்சத்தில் திரையில் கோடு ஓடுவது இதனால்தான். 25 ஃபிரேமுக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/50 விநாடி என்று வையுங்கள். 30-ஐ மாற்ற முடியாத போனில் ஷட்டரை மட்டுமாவது 1/50 அல்லது 1/100-இல் நிறுத்துங்கள்.

உதடும் சத்தமும் விலகிப்போவது இன்னொன்று. ரெக்கார்டரின் கடிகாரமும் போனின் கடிகாரமும் சரியாக ஒத்துப்போகாது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வேறுபாடு என்றால்கூட ஒரு மணி நேர முடிவில் 0.18 விநாடி, அதாவது நாலைந்து ஃபிரேம் தள்ளிப்போகும். அந்த அளவு கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு பதிவாகட்டும். இரண்டையும் பொருத்தி இடையில் இருப்பதை இழுத்துச் சரிசெய்யலாம். ஒலியை இரண்டு கருவியிலும் 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். போன் வீடியோவில் ஃபிரேம் எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால், எடிட்டிங் தொடங்குமுன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிக்கொண்டால் பாதித் தலைவலி தீரும். போனை விமானப் பயன்முறையில் போட மறக்காதீர்கள். 40-ஆவது நிமிடத்தில் வரும் ஒரு அழைப்பு பதிவையே நிறுத்திவிடக்கூடும். பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். அடுப்பில் பால் வைத்ததுபோல் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும்.

குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர், சால்வையில் வருவார்கள். காலர் மைக்கைக் கம்பளியில் குத்தினால் மூச்சுக்கு மூச்சு உரசல் கேட்கும், அதைப் பிறகு எடுக்க முடியாது. மைக்கைச் சால்வையின் மேற்புறத்தில், துணி அசையாத நெஞ்சுப் பகுதியில் குத்தி, ஒயரில் ஒரு சிறு வளையம் விட்டு டேப்பால் ஒட்டுங்கள். ஹீட்டரின் விசிறியை அணைத்துவிடுங்கள். வெளியே குளிரில் இருந்த கேமராவைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். வெளியிலேயே ஜிப் உறைக்குள் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்து எடுங்கள். மழை மாதங்களில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா இல்லாமல் இந்த ஊரில் கேமரா வாங்கவே வேண்டாம்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைய பதிவு முடிந்தது. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. அந்த மாதங்களுக்கு வேண்டிய நான்கைந்து எபிசோடை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு, மழை நாட்களை எடிட்டிங்குக்கு விடுங்கள். ஏப்ரல், மே சீசனுக்கு வரும் விருந்தினர்களைக் குறிவைப்பவர்கள் ஜனவரியிலேயே எடுத்து, ஆட்கள் பயணம் திட்டமிடும் பிப்ரவரி, மார்ச்சில் வெளியிட வேண்டும். மே மாதத்தில் வெளியிடும் ஹோம்ஸ்டே வீடியோ அந்த ஆண்டுக்குப் பயன்படாது.

இவை எல்லாம் உழைத்தால் தீரும். தீராத ஒன்று உண்டு. பசுந்தேயிலை விலையைப் பற்றி, கூலியைப் பற்றி ஒலிப்பதிவில் மனம்விட்டுப் பேசும் விவசாயி, கேமராவைக் கண்டதும் சொல்லைப் பார்த்துப் பார்த்து எடுப்பார். அவருடைய இலையை வாங்கும் ஃபேக்டரி நாளைக்கும் அவருக்கு வேண்டும். கேமராவுக்காக அவரிடமிருந்து ஒரு நல்ல எபிசோடை இழப்பதில் லாபமில்லை. சம்மதம் கேட்கும்போது "ரெக்கார்ட் பண்ணலாமா" என்று பொதுவாகக் கேட்காமல் குரல், முகம், வீடு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பழங்குடி ஊர்களில் பேசுபவரின் சம்மதத்தோடு ஊர்ப் பெரியவர்களின் சம்மதமும் வேண்டும். தோடர் கோயில்கள் வெளியாட்கள் நுழையும் இடமல்ல, கேமராவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம்.

முழு வீடியோவை ஸ்பாட்டிஃபையில் ஏற்றுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு ஹோஸ்டிங்கில் (எபிசோடுகளின் ஒலியைச் சேமித்து வழங்கும் சேவை) இருக்கும் எபிசோடுக்கு அங்கே வீடியோ சேர்த்தால், ஸ்பாட்டிஃபையில் அந்த வீடியோவின் ஒலியே ஓடும். உங்கள் ஹோஸ்டிங் கணக்கில் அந்தப் பதிவிறக்கம் சேராது, இடையில் தானாகச் செருகப்படும் விளம்பரமும் அங்கே வராது. பதிவிறக்க எண்ணைக் காட்டி ஸ்பான்சர் வாங்கியிருப்பவர்கள் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. நேரலையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஃபைபர் லைனும் ரவுட்டருக்கு யுபிஎஸ்ஸும் இல்லாத வீட்டிலிருந்து அது வேண்டாம்.

வேலையைக் காட்டும் படம்

சில விஷயங்கள் சொல்லி விளங்காது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவதை நான்கு நிமிடம் பேசினாலும் கேட்பவருக்குப் பாதிதான் புரியும்; பற்சக்கரம் கண்ணில் பட்டால் பத்து விநாடி போதும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலையும் அப்படித்தான். வரைந்துகொண்டு தைப்பதில்லை, வெள்ளைத் துணியின் இழையை எண்ணியெண்ணிச் சிவப்பும் கறுப்பும் நூலில் போடுகிறார்கள். எண்ணும்போது விரல் நிற்பதையும் ஊசி நகர்வதையும் பார்த்தவர்தான் சால்வையின் விலையைக் கேட்டுத் திகைக்க மாட்டார். இப்படிப் பொருளே கண்ணுக்குரியது என்றால், முழுப் பேச்சையும் படம் எடுக்கும் உழைப்பை எடுத்து இதில் போடுங்கள்.

50 நிமிட எபிசோடிலிருந்து சிறந்த ஆறு நிமிடப் பேச்சை எடுங்கள். அதன்மேல் போட 25 முதல் 30 காட்சிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் கை அசைக்காமல் 10 விநாடி பிடியுங்கள்; பயன்படப்போவது நான்கைந்து விநாடி என்றாலும் முன்னும் பின்னும் வால் வேண்டும். இடம் தெரியும் தூரக் காட்சி நான்கு போதும், மீதி எல்லாம் கையும் முகமும் பொருளும். மூடுபனி தூரக் காட்சியைத் தின்றுவிடும், ஆட்டோ ஃபோகஸும் பிடிமானம் இல்லாமல் அலையும். ஆனால் அதே மூடுபனி நிழலில்லாத மெத்தென்ற வெளிச்சம் தரும். அருகில் எடுக்கும் காட்சிக்கு அதைவிட நல்ல விளக்கு கிடையாது. எனவே வெயில் இருக்கும் காலையில் தூரக் காட்சிகளை முடித்துவிட்டு, மூடுபனி ஏறியதும் கேமராவை ஓர் அடிக்குள் கொண்டுபோங்கள், ஃபோகஸைக் கையால் பூட்டி. மைக்குக்கு ரோமத்தாலான காற்றுத்தடுப்பு போட்டு, யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதியுங்கள். காட்சி மாறும் இடங்களில் அது பேச்சைத் தாங்கிப் பிடிக்கும். முதுமலையிலும் காப்புக்காடுகளிலும் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், ரயில் நிலையங்களுக்கு ரயில்வேயின் அனுமதி. ட்ரோன் என்றால் 2021 விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதை ஒவ்வொரு எபிசோடுக்கும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். அந்தக் காட்சிகளே ஆண்டு முழுவதும் சிறு துண்டுகளுக்குத் தீனி போடும்.

எதை எடுப்பது

ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு எபிசோடுக்கு மூன்று துண்டு, சீசனுக்கு முன் வேலையைக் காட்டும் படம் ஒன்று. தேயிலை, தேன், மலைப்பூண்டு என்று பொருள் விற்பவர்களுக்கும் துண்டுகள்தான், கை தெரியும் துண்டுகள். பூவேலை போன்ற கைவினைக்கு வேலையைக் காட்டும் படமே முதன்மை, எபிசோடு அதற்குப் பின்னணி. வரலாறு, விவசாயக் கொள்கை, தொழிலாளர் பிரச்சினை என்று பேச்சே உயிரான பாட்காஸ்ட்டுக்கு ஒரே-பட வீடியோவும் வாரம் ஒரு துண்டும் போதும். மிச்ச நேரத்தை ஒலிக்குக் கொடுங்கள். முழு வீடியோ யாருக்கு? ஏற்று வேகம் 10 மெகாபிட்டுக்குக் குறையாமல், எடிட்டிங்குக்கென்றே ஒருவர், கேமராவுக்குக் கூசாத விருந்தினர்கள், மழைச் சத்தம் இறங்காத கூரை இந்த நான்கும் இருப்பவருக்கு. மூன்று இருந்தால்கூடப் பொறுத்திருங்கள்.

தேர்ந்ததை எட்டு எபிசோடுக்கு மாற்றாமல் செய்து பாருங்கள். பார்க்க வேண்டிய எண்களை ஒன்றோடொன்று கூட்டக் கூடாது. பாட்காஸ்ட் ஹோஸ்டிங்கில் பதிவிறக்கம் என்பது குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருந்தால் எண்ணப்படுவது. ஷார்ட்ஸிலோ 2025 மார்ச் 31 முதல் துண்டு ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. பத்தாயிரம் ஷார்ட்ஸ் பார்வையும் இருநூறு பதிவிறக்கமும் ஒரே தராசில் நிற்காது. முழு எபிசோடில் முதல் 30 விநாடியைத் தாண்டி எத்தனை பேர் நிற்கிறார்கள், ஷார்ட்ஸிலிருந்து எபிசோடுக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஒலிப் பதிவிறக்கம் குறைந்ததா என்ற மூன்றையும் வாரம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். கூடவே, புக்கிங்குக்கோ பொருளுக்கோ போன் செய்பவர் ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டு, அவர் சொன்னதை அதே நோட்டில், அதே பக்கத்தில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். எட்டாவது எபிசோடு முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த வழியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று உட்கார்ந்து பேசுங்கள்.